கண்ணி வைத்தவன் எங்கே? – ‘ஸ்பிரிஞ்ச்’ என்ற பழைய சொல் பற்றிச் சில குறிப்புகள்

ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிஞ்ச்’ என்று ஒரு சொல் உண்டு. இன்றைக்குப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. அச்சில் பார்க்கிறவர்கள் ‘ஸ்பிரிங்’ என்று வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அது பெரிய பிழையும் இல்லை. பறவை பிடிக்கிற கண்ணி என்று பாடப் பதிப்புகள் ஒரே சொல்லில் பொருள் சொல்லிவிடும். பொருள் சரிதான். ஆனால் அந்தக் கண்ணி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் ‘ஹாம்லெட்’டில் ஒரு முக்கியமான இழை கைநழுவிப் போகிறது என்பது என் கட்சி.

வளையக்கூடிய இளங்கிளை ஒன்றை வளைத்து, அதில் குதிரைமயிர்ச் சுருக்கு ஒன்றைக் கட்டி, சின்ன முளையில் லேசாக மாட்டி வைப்பார்கள். பறவை கால் வைத்ததும் முளை நழுவும், கிளை விசுக்கென்று நிமிரும், சுருக்கு இறுகும். அவ்வளவுதான். வலை என்றால் இழுக்க ஆள் வேண்டும். தூண்டிலுக்கும் கரையில் ஆள் வேண்டும். இதற்கு வேண்டாம். கண்ணி வைத்தவன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கலாம். அவனுடைய பலம் கிளையின் வளைவில் காத்திருக்கிறது, அதை விடுவிப்பது பறவையின் கால். கண்ணி என்றதும் நம்மில் பலருக்குக் கண்ணிவெடி ஞாபகம் வந்தால் அது தப்பே இல்லை. அதுவும் இதே தத்துவம்தான்.

இதில் மாட்டுகிற பறவையாக இலக்கியத்தில் திரும்பத் திரும்ப வருவது வுட்காக். நம் உள்ளானுக்கு உறவு. நீலகிரிக்குக்கூடக் குளிர்காலத்தில் வந்து போகிறது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் ‘வுட்காக்’ என்றால் மடையன் என்றும் பொருள், ஏனென்றால் சுலபமாக மாட்டிக்கொள்ளும். தரையில் ஓடும் பறவை இது. வழியில் தாழ்வான தடுப்பு ஒன்று இருந்தால் தாண்டாமல் அதன் ஓரமாகவே ஓடி, சந்து கிடைக்கிற இடத்தில் நுழையும். சுருக்கு அந்தச் சந்தில் இருக்கும். இதை மடத்தனம் என்பதா, பழக்கம் என்பதா? பெயர் வைத்தது வேட்டைக்காரன்தானே!

இப்போது ‘ஹாம்லெட்’. முதல் அங்கம், மூன்றாம் காட்சி. ஹாம்லெட் தன்மேல் அன்பு வைத்திருப்பதாகவும் சத்தியம் செய்ததாகவும் ஒஃபீலியா அப்பாவிடம் சொல்கிறாள். பொலோனியஸ் அதெல்லாம் வுட்காக் பிடிக்கிற ஸ்பிரிஞ்ச் என்கிறார். அது அப்போது வழக்கில் இருந்த சொலவடை. கிழவருக்குப் பிறத்தியார் பழமொழி என்றால் வெல்லக்கட்டி. சாதாரணமாக வாசித்தால், எச்சரிக்கையான அப்பாவின் பேச்சு போலத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணி வேலை செய்கிற விதத்தை மனதில் வைத்து வாசித்துப் பாருங்கள். சத்தியம் வெறும் சுருக்கு, அதைத் தட்டிவிடுவது உன் நம்பிக்கை என்று மகளிடம் சொல்கிறார். மாட்டினால் குற்றம் மாட்டியவளுடையது. எச்சரிக்கை என்ற பேரில் அவளை மடப்பறவையாக்கிவிடுகிறார்.

இதைச் சொன்னவர் அடுத்த அங்கத்தில் என்ன செய்கிறார்? அதே மகளை ஹாம்லெட் நடமாடுகிற இடத்தில் அவிழ்த்துவிட்டு, மறைவில் நின்று பார்க்கலாம் என்று ராஜாவிடம் யோசனை சொல்கிறார். மாட்டை அவிழ்த்துவிடுகிற மாதிரியான வினைச்சொல் அது. மூன்றாம் அங்கத்தில் அவள் கையில் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்து நிறுத்துகிறார்கள். ஹாம்லெட் வைத்த கண்ணி உண்மையா பொய்யா என்று நாடகம் நமக்குக் கடைசிவரை சொல்வதில்லை. அப்பா வைத்த கண்ணியைத்தான் கண்ணால் பார்க்கிறோம். அதில் அவள் இரைகூட இல்லை, இரை காட்டிப் பிடிக்க வைத்த பழக்கிய பறவை. அவள் பாதுகாப்புக்காகச் சொன்ன சொல்லை வைத்தே அவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்று ஷேக்ஸ்பியர் காட்டிவிடுகிறார். ஒஃபீலியாவைப் பேதைப் பெண் என்று எழுதிவிட்டுப் போகிற விமரிசனங்களை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வரும். அவர்கள் பொலோனியஸின் கண்ணால் பார்க்கிறார்கள்.

ஐந்தாம் அங்கத்தில் அந்தச் சொல் மறுபடி வருகிறது. விஷம் தடவிய வாள் கைமாறி, லேர்டீஸையே வெட்டிவிட்டது. என்ன ஆச்சு என்று ஆஸ்ரிக் கேட்கிறான். என் ஸ்பிரிஞ்சிலேயே வுட்காக் மாதிரி விழுந்துவிட்டேன் என்கிற பொருளில் லேர்டீஸ் பதில் சொல்கிறான். இதைத் ‘தன் வினை தன்னைச் சுடும்’ என்று சுருக்கிவிடலாம். நான் சுருக்க மாட்டேன். அப்பா ஒஃபீலியாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது லேர்டீஸ் மேடையில் இல்லை. பிரான்சுக்குப் புறப்பட்டு அப்போதுதான் வெளியே போயிருந்தான். கேட்காத சொல்லைச் சாகும்போது சொல்கிறான். தங்கச்சிக்கு வைத்த பெயரைத் தானே எடுத்துக்கொள்கிறான். அப்பா திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று குத்துப்பட்டுச் செத்தார். மகள் தண்ணீரில் போனாள். ஒரே வீட்டில் மூன்று பேர்! சொல் மட்டும் குடும்பச் சொத்து மாதிரி கைமாறி வருகிறது.

இதே ஷேக்ஸ்பியர் ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் இதைச் சிரிப்பாகவும் மாற்றுகிறார். ஆட்டோலிக்கஸ் என்ற ஜேப்படித் திருடன் தரையில் விழுந்து, தன்னை யாரோ அடித்துப் பறித்துவிட்டதாகப் புலம்புகிறான். வருகிற கிராமத்துப் பையன் குனிந்து தூக்கிவிடுகிறான், பை காலி. இங்கே கண்ணியைத் தட்டிவிடுவது பையனின் இரக்கம். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் உறுத்தும்.

ஸ்பிரிஞ்சுக்கு ‘ஜின்’ என்று ஒரு கூட்டாளி உண்டு. குடிக்கிற ஜின் அல்ல. ‘எஞ்சின்’ என்ற சொல்லுக்கு மூலமான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து தேய்ந்து வந்தது. அதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு அறிவுத்திறன் என்று பொருள். தமிழில் ‘பொறி’ இதே வேலையைச் செய்கிறது. எலிப்பொறியும் பொறி, பொறியாளர் செய்வதும் பொறி. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே இந்த முடிவுக்கு வந்திருக்கின்றன. ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில் மல்வோலியோ போலிக் கடிதத்தை எடுக்கும்போது, வுட்காக் ஜின் பக்கத்தில் வந்துவிட்டது என்று ஒளிந்திருப்பவர்கள் குதூகலிக்கிறார்கள். மொழிபெயர்க்கிறவர்களுக்கு என் யோசனை: ஜின்னுக்குப் பொறி, ஸ்பிரிஞ்சுக்குக் கண்ணி அல்லது சுருக்கு. எல்லாவற்றையும் ‘வலை’ ஆக்கிவிட்டால் பறவையின் கால் காணாமல் போய்விடும்.

வேர்ட்ஸ்வொர்த்திடம் வந்தால் ஸ்பிரிஞ்ச் உவமையே இல்லை, உண்மையான கருவி. ‘தி ப்ரெலூட்’ முதல் பாகத்தில், ஏரிப் பிரதேசத்து மலையில், ஒன்பது பத்து வயதுப் பையன் தோளில் ஸ்பிரிஞ்சுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ராத்திரியில் வுட்காக் தேடி அலைகிறான். தன் கண்ணிகளைப் பார்த்துக்கொண்டே போகிறவன், சில நேரம் அடுத்தவன் கண்ணியில் விழுந்த பறவையையும் எடுத்துவிடுகிறான். உடனே பின்னால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டு வருகிற மாதிரி சத்தம். கண்ணி வைத்தவன் அங்கே இல்லை என்று சொன்னேன் அல்லவா? அந்த இல்லாத ஆளைத்தான் பையன் பயத்தில் உண்டாக்கிக்கொள்கிறான். பறவையைக் கொன்றதற்காக அவன் பயப்படவில்லை, திருடியதற்காகத்தான்.

1895இல் வந்த தாமஸ் ஹார்டியின் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ நாவலில் இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் ஜோடியாக வருகின்றன. படிப்பும் போச்சு, பாதிரியார் ஆகிற கனவும் போகப்போகிறது என்ற நிலையில் ஜூட் யோசிக்கிறான்: குற்றம் பெண்களுடையதா, இல்லை, இயல்பான ஆசையையே குடும்பம் என்ற ஜின்னும் ஸ்பிரிஞ்சுமாக மாற்றிவிடுகிற ஏற்பாட்டுடையதா? கேள்வி பெரியது. வாக்கியம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இரண்டு கருவிகளையும் சேர்த்துக் கட்டியதில் இரண்டின் கூர்மையும் மழுங்கிவிட்டது, பிரசங்க வாடை அடிக்கிறது.

ஆனால் அதற்கு முந்தைய அத்தியாயத்தில் ஹார்டி அதையே காட்டிவிட்டார். அத்தையை அடக்கம் செய்துவிட்டு வந்து ராத்திரி படுத்திருக்கிறான் ஜூட். ஜின்னில் மாட்டிய முயல் ஒன்று கத்துகிறது. இது ஷேக்ஸ்பியர் காலத்துக் கிளையும் மயிரும் அல்ல, இரும்புத் தாடை. (இங்கிலாந்தில் அதைத் தடை செய்ய 1954இல் சட்டம் வந்து, 1958இல்தான் அமலுக்கு வந்தது.) விடியும்வரை அது அப்படியே கிடக்கும் என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் வயலில் காக்கை விரட்டுகிற வேலைக்குப் போய், பாவம் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்ட பையன் அவன். எழுந்து போய் முயலின் பிடரியில் ஒரே அடி. நிமிர்ந்தால் பக்கத்து வீட்டு ஜன்னலில் சூ நிற்கிறாள். அவளுக்கும் அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. பிடிக்காத கல்யாணத்தில் இருப்பவள். அந்த ஜன்னலில் நின்றபடி அவனிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். ஜின் வைத்தவன் யார் என்று ஹார்டி நமக்குச் சொல்வதே இல்லை.