ஞானாம்பாளின் ஆண்வேடம்

தமிழின் முதல் புதினத்தைத் தந்தவர் நம் திருச்சபையின் மகனாகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். நூலைத் திறந்து படிப்பவரோ மிகச் சிலர். 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை அண்மையில் மீண்டும் படித்தபோது, கதைத்தலைவனைக் காட்டிலும் அவன் மனைவி ஞானாம்பாளே என் சிந்தையைப் பற்றிக்கொண்டாள்.

சிறுவயதில் இருவரும் சேர்ந்து பாடம் கேட்டவர்கள். பிரதாபன் பிழை செய்தால் அடிவாங்க ஆசிரியர் மகன் இருந்தான். ஞானாம்பாளுக்கு அத்தகைய சலுகை இல்லை. ஆயினும் அறிவில் அவளே முந்தினாள். பின்னர்க் கணவன் விக்கிரமபுரியில் சிறைப்பட, அவனைத் தேடி ஆண்வேடம் பூண்டு புறப்படுகிறாள். பட்டத்து யானை அவளுக்கு மாலையிடுகிறது, அரியணை ஏறுகிறாள், செம்மையாக ஆள்கிறாள். பெண்ணென்று தெரிந்திருந்தாலும் யானை மாலையிட்டிருக்கும்; விலங்குக்கு அந்தப் பேதம் இல்லை. அமைச்சர்கள் வணங்கியிருப்பார்களா?

1869-இலேயே ‘பெண்மதி மாலை’ பாடியவர் வேதநாயகர். பெண்ணுக்கு எழுத்தறிவே ஆகாது என்று ஊர் சொல்லிய காலத்தில் அது பெருந்துணிவு. எனினும் அவர் வேண்டிய கல்வி, பெரும்பாலும் இல்லறத்தைச் சிறப்பிக்கும் கல்வியே. நாட்டை ஆளும் திறமையை ஞானாம்பாளுக்குத் தந்த அவர், அத்திறமை வெளிப்படுவதற்குத் தலைப்பாகையையும் தரவேண்டியதாயிற்று. இதை ஆசிரியரின் குறை என்பதைவிட, அவர் காலத்தின் எல்லை என்பதே நேர்மை.

பெண்களுக்கெனத் தனிப்பள்ளி எதற்கு என்னும் வினாவுக்கு இங்கேதான் எனக்கு விடை கிடைக்கிறது. அங்கே தலைப்பாகை தேவையில்லை. ஆண்டு விழா நாடகத்தில் அரசனாக வருபவள் மீசை ஒட்டிக்கொள்வாள், உண்மைதான். மறுநாள் காலையில் மீசையின்றியே வழிபாட்டுக் கூட்டத்திற்கு ஆணையிடுவாள். ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை ஊற்றுபவளும் பெண், அதைக் குறித்துக்கொள்பவளும் பெண். பெஞ்சு தூக்கவும் கபடி அணியை நடத்தவும் அவளை விட்டால் ஆளில்லை. கலப்புப் பள்ளிகள் பலவற்றில் தலைவன் பையன், துணைத்தலைவி பெண் என்பது எழுதாத சட்டம்.

நாம் வழக்கமாகக் கூறும் காரணம் வேறு. 1929-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் விடுத்த கல்விச் சுற்றுமடல் கலப்புக் கல்வியைக் கடுமையாக மறுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் அக்கண்டனம் இல்லை. நம் வீடுகளில் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது. சங்கரன்கோவில் வட்டாரத்தில், பள்ளிச் சேர்க்கைக்காக ஞானமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோர், “கன்னியர் பள்ளியென்றால் மதில் உண்டு, சாமி” என்கிறார்கள். மகள் என்ன படிப்பாள் என்பதைவிட யாரோடு பேசமாட்டாள் என்பதே அவர்களுக்கு ஆறுதல். விசைத்தறிச் சத்தத்தில் நாள் முழுதும் உழைத்து மகளைப் படிக்கவைக்கும் அந்த ஏழைத் தந்தையின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் மதிலுக்காக மட்டும் பள்ளி நடத்தினால், அருட்சகோதரிகள் ஆசிரியர்களாக இருக்கமாட்டார்கள், காவலர்களாகிவிடுவார்கள். அடக்கத்தையே முதற்பாடமாக்கி, கேள்வி கேட்பவளை அடங்காதவள் என்னும் பள்ளியில் பெண்கள் மட்டுமே படிப்பதால் என்ன பயன்?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே நுழைந்து படித்தவர், 1912-இல் மருத்துவரானார். அத்தகைய நெஞ்சுரம் எல்லார்க்கும் வாய்க்காது. பாளையங்கோட்டையில் 1895-இல் தோன்றிய சாராள் தக்கர் கல்லூரியும், தூத்துக்குடியில் 1948-இல் தோன்றிய தூய மரியன்னை கல்லூரியும், வீராங்கனையாக இல்லாத சாதாரணப் பெண்ணுக்கும் கதவு திறந்தன. அவர்களுள் பலர் ஆசிரியைகளாகி நம் சிற்றூர்களுக்குத் திரும்பினர்.

இனி மதிலைப் பற்றிக் கேட்கும் பெற்றோரிடம், ஆய்வுக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அது வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று பள்ளியில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். சான்றிதழை அதற்குள் எழுதி வைத்திருப்பேன்.