பறக்குந் துடைப்பமும் பெருக்குந் துடைப்பமும்

கதைகளில் வரும் பாத்திரங்களின் குணத்தை நம்மவர் ஆராய்வர், உவமைகளை எண்ணுவர், நீதி யாதென்று வினவுவர். ஆனால் ஒரு வாளுக்கோ, ஒரு குதிரைக்கோ, ஒரு துடைப்பத்திற்கோ ஆசிரியர் சூட்டிய பெயரைப் பற்றி நின்று பேசுவதை வீண்வேலை என்று கருதுவர். அவ்வீண்வேலையையே ஈண்டுச் செய்யப் புகுகின்றோம்.

ஜே. கே. ரோலிங் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1997ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரை ஏழு பாகங்களாக வெளியிட்ட ஹாரி பாட்டர் கதையைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள நம் பிள்ளைகள் பலர் கரைத்துக் குடித்திருக்கின்றனர். அவர்களுள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குவீட்டுச் சிறுவன் ஒருவனையோ, கிள்ளான் நகரத்துச் சிறுமி ஒருத்தியையோ நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். நிம்பஸ் 2000, ஃபயர்போல்ட், கிளீன்ஸ்வீப், காமெட் என்று மந்திரத் துடைப்பங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பர். சீவகசிந்தாமணியில் வரும் மயிற்பொறியை அறிவீர்களா என்றால் விழிப்பர். இதனைக் கண்ட பெரியோர் இரு கட்சியாகப் பிரிகின்றனர். ஒரு கட்சியார், துடைப்பத்தில் பறக்கும் கதையைப் படிப்பது மூடத்தனம் என்கின்றனர். மற்றொரு கட்சியார், நம் புட்பக விமானத்தைப் பார்த்து வெள்ளையர் எழுதிக்கொண்டது இது என்கின்றனர். முதற் கட்சியார் அந்நூலைப் படிக்கவில்லை. இரண்டாங் கட்சியார் இருவகை நூலையும் படிக்கவில்லை. ஆதலின் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் கடமையாகின்றது.

துடைப்பத்தில் ஏறிப் பறத்தல் ரோலிங் கற்பித்ததன்று. ஐரோப்பாவில் மார்ட்டின் லெ ஃப்ராங்க் என்பவர் இயற்றிய ஒரு பிரெஞ்சுக் காவியத்தின் 1451ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியின் ஓரத்திலே, ஒருத்தி துடைப்பத்தின் மேலும் மற்றொருத்தி கோலின் மேலும் பறப்பதாகச் சித்திரம் தீட்டப்பட்டுள்ளது. நமக்குக் கிடைத்துள்ள இத்தகைய சித்திரங்களில் அதுவே பழமையானது என்பர். அது விளையாட்டுக்காகத் தீட்டிய சித்திரமன்று. சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டி ஏழைப் பெண்களையும் முதியவர்களையும் எரித்துக் கொன்ற காலத்தின் தொடக்கம் அது. வீட்டிலே பெண்ணின் கையில் எப்பொழுதும் இருந்த பொருள் எதுவோ, அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது.

ரோலிங் அப்பழியைக் கழுவி, அச்சத்திற்குரிய பொருளை ஆசைக்குரிய பொருளாக்கினார். அவர் அதனைச் செய்த கருவி பெயரே என்பது எம் கருத்து. 2001ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட குவிடிச் விளையாட்டின் வரலாறு கூறும் சிறுநூலில், துடைப்பம் மலிவானது, எளிதில் மறைக்கத்தக்கது, எவ்வீட்டிலும் ஐயமின்றி இருக்கத்தக்கது என்பதற்காகவே மந்திரவாதிகள் அதனைத் தேர்ந்தனர் என்கிறார். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தத்தம் துடைப்பத்தைக் கையால் கட்டிக்கொண்டனர். அப்பொழுது அதற்குப் பெயரில்லை. பின்னர் 1879ஆம் ஆண்டைக் குறிக்கும் ஓக்‌ஷாஃப்ட் 79 வருகின்றது. 1901இல் மூன்டிரிம்மர் வருகின்றது. 1926இல் ஆலர்ட்டன் சகோதரர் மூவர் கூடிக் கம்பெனி வைத்துக் கிளீன்ஸ்வீப்பைத் திரளாக உற்பத்தி செய்கின்றனர். 1929இல் எதிர்க்கம்பெனி ஒன்று தோன்றிக் காமெட் 140ஐ விற்கின்றது. விற்பனைக்கு முன் சோதித்துப் பார்த்த மாதிரிகளின் தொகையே அந்த 140. 1967இல் நிம்பஸ் கம்பெனி எழுகின்றது. இவையாவும் கற்பனை ஆண்டுகளே. எனினும் இக்கற்பனை வரலாறு ஓர் உண்மையைச் சொல்கின்றது: கையாற் செய்த பொருளுக்குப் பெயர் வேண்டியதில்லை, கடையில் விற்கும் பொருளுக்கே பெயர் வேண்டும்.

இதனை விளங்கிக்கொள்ள இந்நாட்டவருக்கு நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. 1985இல் வந்த முதல் தேசிய மோட்டார் வண்டிக்கு ஒரு மரத்தின் பெயரால் சாகா என்று பெயரிட்டனர். 1994இல் வந்த சிறுவண்டிக்குச் சருகுமானின் பெயரால் கஞ்சில் என்று பெயரிட்டனர். உருவிற் சிறியதாயினும் தந்திரத்தால் புலியையும் வெல்லும் பிராணி என்று மலாய்க் கதைகள் சருகுமானைப் போற்றுவதால், ஏழைக்கேற்ற வண்டி அப்பெயராலேயே ஒரு மதிப்பைப் பெற்றது. துடைப்பங்களுக்குப் பெயரிட்ட ரோலிங்கும் இவ்வித்தையை நன்கறிந்தவர். நிம்பஸ் என்பது மழைமுகிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்; கிறிஸ்துவப் புனிதர் தலையைச் சூழ்ந்த ஒளிவட்டத்திற்கும் அதுவே பெயர். ஃபயர்போல்ட் என்பதில் தீயும் இடியும் சேர்ந்திருக்கின்றன. கிளீன்ஸ்வீப் என்பதிலோ துடைப்பத்தின் பழைய தொழிலும், ஆட்டத்தில் எல்லாவற்றையும் வென்றுகொண்டு போதல் என்னும் பொருளும் ஒருங்கே நிற்கின்றன. பெயரின் வரிசையைக் கவனித்தால், விலை ஏற ஏறத் துடைப்பத்தின் நினைவு மறைந்து வானத்தின் நினைவு மிகுவது புலனாகும்.

விலை என்றோம். இந்நூல்களில் துடைப்பம் பணத்தின் அளவுகோலாகவும் இருக்கின்றது. 1998இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலே, மால்ஃபாய் என்னும் செல்வந்தர் தம் மகன் சேர்ந்த அணிக்கு ஏழு நிம்பஸ் 2001 துடைப்பங்களை வாங்கித் தருகின்றார். அம்மகன், ஏழைவீட்டுச் சகோதரர் இருவரின் பழைய கிளீன்ஸ்வீப் துடைப்பங்களைப் பொருட்காட்சிச்சாலைக்கு விற்கலாம் என்று ஏளனம் செய்கின்றான். அச்சகோதரரின் தம்பி ரானிடமுள்ள துடைப்பத்தின் பெயர் ஷூட்டிங் ஸ்டார், அதாவது எரிநட்சத்திரம். பறந்துபோகும் வண்ணத்துப்பூச்சிகளும் அதனை முந்துமாம்! பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டிச் சிரிக்கவைக்கும் இவ்விடம் நயமானது. மூன்றாம் பாகத்து ஃபயர்போல்டோ பத்து விநாடியில் மணிக்கு 150 மைல் வேகத்தை எட்டுவது. கடையில் அதன் விலையைக்கூட எழுதிவைக்கவில்லை, கேட்டே அறியவேண்டும்.

இனி நம் நூல்களைப் பார்ப்போம். சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றுப் புலவர் ஒருவர், புலவர் பாடும் புகழுடையோர் பாகன் செலுத்தாமலே செல்லும் வானவூர்தியை அடைவர் என்கிறார். அதற்குத் தனிப்பெயர் இல்லை. இராமாயணத்துப் புட்பகம் குபேரனுடையது. இராவணன் அதனைப் பறித்துக்கொண்டான். இறுதியில் இராமன் அதிலேறி அயோத்தி மீண்டான். கைமாறிய மூவரும் அரசர். திருத்தக்கதேவரின் மயிற்பொறி ஒன்றே நம் உள்ளத்தைத் தனியே கவர்வது. அது வரத்தால் வந்ததன்று; தச்சன் ஒருவன் செய்த இயந்திரம். அதனைச் செலுத்தியவள் ஒரு பெண். வலமாகத் திருகினால் ஏறும், இடமாகத் திருகினால் இறங்கும் என்று பயின்ற விசயை, நிறைகர்ப்பிணியாய் அதிலேறிப் போய்ச் சுடுகாட்டில் இறங்கி மகனைப் பெறுகின்றாள். துயரத்தையும் தொழில்நுட்பத்தையும் இவ்வளவு நெருக்கமாக வைத்த காட்சி ரோலிங்கின் ஏழு பாகங்களிலும் இல்லை என்று துணிந்து கூறுவோம். ஆயினும் அங்கும் ஏறுவோள் அரசி. எளியவன் ஏறும் ஊர்தியையும், அவன் வீட்டுப் பொருளே ஊர்தியாவதையும் நம் பழங்காவியங்கள் நினைத்தனவல்ல. துடைப்பத்தைக் கண்டு நம் பிள்ளைகள் மயங்குவதன் காரணம் இதுவே. புட்பகம் அவர்கள் வீட்டில் இல்லை, துடைப்பம் இருக்கின்றது.

நம்மிடம் துடைப்பத்திற்குப் பெயர் இல்லாமலில்லை. துடைப்பது துடைப்பம், வாருவது வாரியல், ஈர்க்கினால் கட்டியது ஈர்க்குமாறு. மாறு என்பது மிலாற்றுக் கட்டு. ஆதலின் விளக்குமாறு என்றால் இடத்தை விளங்கச் செய்யும் மாறு என்று பொருள். நிம்பஸைக் காட்டிலும் இது தாழ்ந்த பெயரோ? குப்பையை நீக்கும் செயலுக்குப் பெருக்குதல் என்று மங்கலப் பெயரிட்ட மொழி நம் மொழி. கிளீன்ஸ்வீப்பைத் தமிழாக்க வேண்டுமாயின் 'முழுவாரி' என்போம். பரிசையெல்லாம் வாரிக்கொண்டு போனான் என்று பேச்சில் வழங்குவதால் இரு பொருளும் அதிலே தாமே அமையும். நிம்பஸைக் கார்முகில் என்றும், ஃபயர்போல்டை இடித்தீ என்றும் சொல்லலாம். ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்த்து விடுவதே போதுமென்று சோம்பியிருக்க வேண்டுவதில்லை.

ஆனால் சொல்லிலே விளக்கம் இருந்தும் வழக்கிலே இழிவைப் பூசிவைத்தோம். கோயிலில் அதே கருவி திருவலகு; வீட்டிலோ கதவின் பின்னே ஒளித்துவைக்கும் பொருள். மூதேவி என்று நாம் வெறுக்கும் தெய்வத்தின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தோம். கழுதையை வாகனமாகவும் காக்கையைக் கொடியாகவும் தந்தோம். ஒருவனை மிக இழிவுபடுத்த வேண்டுமாயின் துடைப்பத்தால் அடிப்பேன் என்கிறோம். இவ்விழிவு பொருளோடு நின்றதா? 1936ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் வெளியிட்ட ஜாதி ஒழிப்புப் பற்றிய நூலில், பேஷ்வாக்கள் ஆண்ட பூனா நகரில் தீண்டப்படாதார் எனப்பட்டோர் தம் அடிச்சுவட்டுத் தூசியைத் தாமே பெருக்கிச் செல்லும்படி இடுப்பிலே துடைப்பம் கட்டி நடக்க வேண்டியிருந்ததை எடுத்துக்காட்டியுள்ளார். ஐரோப்பாவில் துடைப்பத்தின் மேல் பெண்ணை ஏற்றிப் பழித்தனர். இந்தியாவில் மனிதன் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிப் பழித்தனர். இவ்விரண்டனுள் எது கற்பனை, எது நடந்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

இந்நினைவோடு ரோலிங்கின் நூலுக்கு மீண்டால், அதன் பெரிய குறையும் பெரிய சிறப்பும் ஒரே இடத்தில் இருப்பதைக் காணலாம். துடைப்பங்களெல்லாம் வானத்திற் பறந்துவிட்டால் அந்தப் பெரிய ஹாக்வார்ட்ஸ் பள்ளியைப் பெருக்குபவர் யார்? இவ்வினாவிற்கு 2000ஆம் ஆண்டில் வந்த நான்காம் பாகம் விடையளிக்கின்றது. நூற்றுக்கு மேற்பட்ட வீட்டுக்குட்டிப்பூதங்கள் கூலியின்றி, இரவிலே, எவர் கண்ணிலும் படாமல் அவ்வேலையைச் செய்கின்றன. ஹெர்மாயனி என்னும் மாணவி ஒருத்தியே இஃது அடிமைத்தனம் என்று கூறிச் சங்கம் அமைக்கின்றாள். அவள் தோழர்களே நகைக்கின்றனர். டாபி என்னும் விடுதலைபெற்ற பூதத்திற்குத் தலைமையாசிரியர் வாரம் பத்துப் பொற்காசும் வார இறுதியில் ஓய்வும் தர முன்வருகின்றார். அதுவோ, வாரம் ஒரு காசும் மாதம் ஒரு நாள் ஓய்வும் போதுமென்று பேரம் பேசிக் குறைத்துக்கொள்கின்றது. ஆங்கிலப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. தோட்டத்துக் கிராணியாய் மாதந்தோறும் செக்ரோல் எழுதுபவனுக்கு இது வேடிக்கையாய்ப் படவில்லை. நீண்ட நாள் அடக்கப்பட்டவன் தனக்குரியதைக் கேட்கவும் கூசுவான் என்பதை எத்தனையோ அரசியல் நூல்களைவிடத் தெளிவாக இவ்வொரு பேரம் காட்டுகின்றது.

ஆயினும் அவர் அவ்வினாவை எழுப்பிவிட்டு முடிக்காமல் விடுகின்றார். ஹெர்மாயனியின் சங்கம் கதையில் வெல்வதில்லை. ஒவ்வொரு துடைப்பத்தின் பெயரையும், கம்பெனியையும், ஆண்டையும் எழுதிய ஆசிரியர், பள்ளியைப் பெருக்கிய நூற்றுக்கு மேற்பட்டோருள் இரண்டொருவர் பெயரையே நமக்குக் கூறினார். பொருளுக்குப் பெயர் பெருகி, உழைப்பவனுக்குப் பெயர் அருகிய உலகம் அது. நம் உலகமும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. கோலாலம்பூரின் இருப்புப் பாதைகளையும் வீதிகளையும் ஆங்கிலேயர் காலத்தில் பேணியவர்களில் தமிழ்க் கூலிகள் மிகப் பலர். அவ்வீதிகளுக்கு வெள்ளை அதிகாரிகளின் பெயர் இருந்தது. பெருக்கினவனுக்கு ஏட்டிலே ஓர் எண் இருந்தது.

ஆகவே, நம் பிள்ளைகள் அந்நூல்களைப் படிக்கட்டும், தடுக்கவேண்டா. படித்தபின் மயிற்பொறியையும் காட்டுங்கள். அதனைச் செய்த தச்சனைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். தமிழெழுத்தாளர்களை நாம் வேண்டுவது வேறொன்று. புட்பகத்திற்குப் புதிய கதை எழுதியது போதும். இந்நாட்டுச் செம்பனை ஈர்க்கில் கட்டிய விளக்குமாற்றையும், அதனைக் கட்டிய கையையும், அதைக்கொண்டு விடியுமுன் பெருக்கும் பெண்ணையும் கதையில் எழுதுங்கள். அவளை வானத்திற் பறக்கவிடுவீர்களோ, தரையில் நடக்கவிடுவீர்களோ, அஃது உங்கள் விருப்பம். அவளுக்கு ஒரு பெயர் மட்டும் மறவாமல் இடுங்கள்.