கதவைச் சாத்தும் உரிமை

தென் பசிபிக்கில் 83 தீவுகளால் ஆன வனுவாட்டு நாட்டின் தென்பகுதியில் இருக்கிறது தன்னா. சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தீவின் கிழக்குப் பக்கத்தில் யசூர் எரிமலை. உயரம் 361 மீட்டர்தான், ஆனால் பல நூற்றாண்டுகளாக அது அணையவே இல்லை. 1774-இல் ஜேம்ஸ் குக்கின் கப்பலை இந்தக் கரைக்கு இழுத்தது இரவில் தெரிந்த அதன் செவ்வொளி. இன்றைய பயணிகளையும் அதுவே இழுக்கிறது. அவர்கள் மேற்குக் கரையில் விமானம் இறங்கி, மலைப்பாதையிலும் சாம்பல் சமவெளியிலும் ஜீப்பில் தீவைக் கடந்து, அடிவாரத்துக் கிராமங்களில் தங்குகிறார்கள். மூங்கில் தட்டிச் சுவரும் ஓலைக் கூரையுமான அந்தக் குடில்களுக்கு அங்கே பங்களா என்று பெயர். நம் காதில் செல்வர் வீடாக ஒலிக்கும் அந்தச் சொல், அங்கே ஒரு குடும்பம் தன் கிழங்குத் தோட்டத்தின் ஓரத்தில் கட்டி வாடகைக்கு விடும் அறையைக் குறிக்கிறது. சில அறைகள் ஆலமரக் கிளைகளின் மேலேயே இருக்கின்றன. இவ்வகைத் தங்கலைப் புகழ்பவர்கள் அதன் எளிமையைப் புகழ்கிறார்கள். பழிப்பவர்கள் அது பண்பாட்டை விலைக்கு விற்பதாகச் சொல்கிறார்கள். இரண்டு பேச்சும் முக்கியமான கேள்வியைத் தவறவிடுகின்றன. வருகிறவரிடம் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல அந்த ஊரால் முடிகிறதா? கிராமச் சுற்றுலாவை எடைபோட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அப்படிச் சொல்வதற்கு முதலில் நிலம் கையில் இருக்க வேண்டும். 1906 முதல் பிரிட்டனும் பிரான்ஸும் கூட்டாக ஆண்ட இந்தத் தீவுகளில் தோட்ட முதலாளிகளிடம் ஏராளமான நிலம் போயிருந்தது. 1980-இல் விடுதலை பெற்றபோது, நாட்டின் நிலம் முழுவதும் மரபுவழி உரிமையாளர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்குமே உரியது என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். விடுதலைப் போராட்டத்தின் மையமே அதுதான். ஆனால் சட்டம் விற்பனையைத் தடுத்ததே தவிர, குத்தகையைத் தடுக்கவில்லை. தலைநகர் போர்ட் விலா அமைந்த எஃபாத்தே தீவில் கடற்கரை நிலங்கள் 75 ஆண்டு வரையிலான குத்தகையில் வெளியாரிடம் போயின. ஊரார் அந்த விடுதிகளில் வேலைக்குப் போகலாம், முடிவெடுக்க முடியாது. நிலத்துக்கு உரிய மரபுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் குத்தகை எழுதுவதை 2014-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சட்டங்கள் கட்டுப்படுத்த முயன்றதற்குக் காரணம் இந்த அனுபவம்தான். தன்னாவின் பங்களா இதற்கு நேர் எதிர். மூங்கிலும் ஓலையும் பக்கத்துக் காட்டில் கிடைக்கின்றன, கட்டுகிறவர்கள் உறவினர்கள், நிலத்துக்குக் கடன் இல்லை. வசதி குறைந்த அந்த அறையின் பின்னால் இருக்கும் பொருளாதாரம், மெத்தை விரித்த கடற்கரை விடுதியினுடையதைவிட உறுதியானது.

மறுக்கும் உரிமை பறிபோனால் என்ன ஆகும் என்பதற்கு அதே நாட்டின் பெந்தெகொஸ்த் தீவில் சான்று இருக்கிறது. அங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை, பெருவள்ளிக் கிழங்கின் அறுவடையை ஒட்டி, 20 முதல் 30 மீட்டர் உயர மரக் கோபுரத்திலிருந்து ஆண்கள் கணுக்காலில் காட்டுக்கொடி கட்டித் தலைகீழாகக் குதிக்கிறார்கள். நகோல் என்பது அதன் பெயர். உலகெங்கும் பரவிய பஞ்சி குதிப்புக்கு இதுவே முன்மாதிரி. கொடி நீள்வதும் அறுவதும் அதன் ஈரப்பதத்தைப் பொறுத்தவை. அதனால் பருவம் என்பது அங்கே சடங்கு மட்டுமல்ல, உயிர்க்காப்பும்கூட. 1974-இல் எலிசபெத் அரசி வருகிறார் என்பதற்காக, பருவம் வருமுன்னே ஒரு குதிப்பு நடத்தப்பட்டது. கொடி நீளாமல் அறுந்தது. குதித்தவர் கீழே மோதி, பின்னர் இறந்தார். அதிகாரத்தின் நாட்காட்டி ஊரின் நாட்காட்டியை மீறியதற்கு ஒருவரின் உயிர் விலையானது. பிற்காலத்தில் பணத்தின் நாட்காட்டி அந்த இடத்துக்கு வந்தது. படப்பிடிப்புக் குழுக்கள் பெருகி, குதிப்பின் பொருளே மாறிவிடும் என்ற நிலையில், 2006-இல் வனுவாட்டு பண்பாட்டு மையம் வணிகப் படப்பிடிப்புக்குத் தடை விதித்தது. நகோலைக் காட்டிப் பணம் பெற்றதை நான் குறையாகச் சொல்லவில்லை. எப்போது காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்ற முடிவு எவர் கையில் இருந்தது என்பதே என் கவலை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. பயணி கட்டணம் கட்டியதும் உடைமாற்றி ஆடும் ஆட்டத்தில் எது பண்பாடு, எது நடிப்பு? தன்னாவில் மரபு வாழ்வைத் தேர்ந்துகொண்ட யாக்கேல் ஊரைப் பற்றி இக்கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறது. ஆனால் 2015-இல் வெளிவந்த 'தன்னா' திரைப்படத்தைப் பாருங்கள். நடித்தவர்கள் அந்த ஊர் மக்கள், மொழி அவர்களுடையது, கதை 1987-இல் தீவில் நடந்த ஒரு காதல் சோகத்தை ஒட்டியது. அந்தச் சோகத்தின் விளைவாக நிச்சயித்த மணம் என்ற தங்கள் வழக்கத்தையே தளர்த்திக்கொண்ட ஒரு சமூகம், அதைத் தானே உலகுக்குச் சொன்னது. காட்டுவதும் மாறுவதும் ஒன்றையொன்று கெடுக்க வேண்டியதில்லை. இருந்தும் மறுப்பின் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மின்சாரம் இல்லாத குடிலைத் தேடி வரும் பயணி அந்த இல்லாமையை விரும்பிக் காசு கொடுக்கிறார். அந்த ஊர்க் குழந்தை விளக்கடியில் படிக்க விரும்பினால், அந்த விருப்பம் வருமானத்துக்கு எதிராகிவிடுகிறது. இந்த முரண் பயணி சுமந்து வருவது. ஊரின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

உண்மையான குறைகள் உள்ளேயே இருக்கின்றன. 'ஊர்' என்று நாம் ஒருமையில் சொன்னாலும் வருமானம் ஒருமையாக வருவதில்லை. எரிமலையைப் பார்க்கப் பயணிகள் கட்டும் கட்டணத்தில் எந்தக் குலத்துக்கு எவ்வளவு பங்கு என்பது தகராறாகிறது. பாதையோரத்தில் நிலம் உள்ளவர் பங்களா கட்டுகிறார், மலைக்குள் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெண்களின் நிலை இன்னும் கூர்மையானது. விருந்தினருக்குச் சமைப்பது, விரிப்புகளைத் துவைப்பது, தோட்டத்தில் கிழங்கு தோண்டுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் வேலை. ஆண்கள் மாலையில் காவா என்ற வேர்ப்பானத்தை அருந்திக்கொண்டே பொது விஷயங்களைப் பேசி முடிவெடுக்கும் நகமாலிலோ, தன்னா வழக்கப்படி பெண்ணுக்கு இடமில்லை. மறுக்கும் உரிமையை அளவுகோலாக வைத்தால், அதை வீட்டுக்குள்ளும் நீட்டித்தான் பார்க்க வேண்டும். அங்கே இந்த ஏற்பாடு தோற்றுப்போகிறது. எரிமலை விளிம்பிலும் அதே சோதனைதான். யசூரின் அபாயத்தை 0 முதல் 5 வரையிலான எண்களால் அரசு அறிவிக்கிறது. 1990-களில் விளிம்பருகே எரிமலை உமிழ்ந்த கற்கள் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. வெகுதூரத்திலிருந்து செலவழித்து வந்தவர் 'இன்னும் கொஞ்சம் மேலே' என்று கெஞ்சும்போது மறுக்கும் வழிகாட்டிக்கு அன்றைய கூலி கிடைக்க வழி இருக்க வேண்டும்.

இவ்வளவு தொலைவில் இருக்கும் தீவு சுற்றுலாவை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு, நம்பக்கூடாது என்றே பதில் சொல்வேன். 2015 மார்ச்சில் பாம் புயல் தன்னாவின் குடில்களையும் தோட்டங்களையும் சேர்த்தே அழித்தது. பெருந்தொற்றால் 2020 மார்ச் முதல் 2022 ஜூலை வரை நாட்டின் எல்லை மூடிக் கிடந்தது. 2024 மே மாதம் தேசிய விமான நிறுவனமே கலைப்பு நடவடிக்கைக்குப் போய்ப் பறத்தலை நிறுத்தியது. விடுதிச் சம்பளத்தை மட்டுமே நம்பியவருக்கு இந்த நாட்கள் பசியாக முடியக்கூடியவை. சேம்பும் வள்ளியும் மண்ணில் இருந்தவருக்கு வருமானம்தான் போனது, அடுப்பு அணையவில்லை. புயல் தோட்டத்தைப் பறித்த ஆண்டு மட்டும் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. ஆகவே பங்களா இருக்கட்டும், தோட்டத்துக்கு இரண்டாவதாக. தோட்டத்தை அழித்து நான்காவது குடில் கட்டும் நாளில், அந்தக் குடும்பம் விருந்தினரை மறுக்கும் வலுவை இழந்துவிடுகிறது. தன்னாவுக்குப் போகிறவர்கள் அறையின் வாடகையைக் கேட்பதோடு, அது நிற்கும் நிலம் யாருடையது, சமைத்தவர் கைக்குக் காசு போகிறதா என்றும் கேளுங்கள். மலை இன்று மூடப்பட்டிருக்கிறது என்று அவர்கள் சொன்னால், முணுமுணுக்காமல் முழுக் கூலியையும் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.