மூன்று என்ற எண் இல்லாத தேற்றம்

பன்னிருமுகியின் ஒவ்வொரு ஐங்கோண முகத்தையும், அதற்கு நேர் எதிரே உள்ள முகத்தோடு, முழுச் சுற்றில் பத்தில் மூன்று பங்கு திருகி ஒட்டுவதாகக் கொள்வோம். கையால் செய்ய முடியாது, கணக்கில் செய்யலாம். 30 விளிம்புகளும் ஐந்தைந்தாகச் சேர்ந்து 6 ஆகிவிடுகின்றன. 20 முனைகளும் ஒரே புள்ளியாகின்றன. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்து மூலைகள் இடைவெளியின்றிக் கூட வேண்டுமானால் இருமுகக் கோணம் 72 பாகையாக இருந்தாக வேண்டும். யூக்ளிடின் வெளியில் அது ஏறத்தாழ 116.6 பாகை. அதிபரவளைய வடிவியலிலோ பன்னிருமுகி பெரிதாகப் பெரிதாகக் கோணம் சுருங்கும். உரிய அளவில் 72 கிடைத்துவிடும். ஸைஃபர்ட்டும் வெபரும் 1933இல் விவரித்த இந்த வெளி, முப்பரிமாண இடவியலின் அழகான உருப்படிகளில் ஒன்று, பிடிகொடுக்காத உருப்படியும்கூட.

பிடிகொடுக்காதது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு முப்பரிமாண வெளியை அறிய, அதற்குள் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாத, சுருக்க முடியாத ஒரு பரப்பைக் கண்டுபிடித்து, அதன் வழியே வெட்டி, கிடைத்த துண்டை மறுபடி வெட்டி, கடைசியில் வெறும் கோளங்களில் வந்து நிற்பது வொல்ஃப்காங் ஹாக்கன் வகுத்த முறை. அத்தகைய பரப்பு இருக்கும் வெளிகளைப் பற்றி 1970களிலேயே தர்ஸ்டன் நிறையச் சாதித்துவிட்டார். ஸைஃபர்ட்-வெபர் வெளியில் அப்படி ஒரு பரப்பும் இல்லை. பர்ட்டன், ரூபின்ஸ்டைன், டில்மன் மூவரும் கணினியின் துணையோடு இதை உறுதி செய்த கட்டுரை 2012இல்தான் வெளிவந்தது. ஆனால் வால்ட்ஹவுசன் 1968இல் எழுப்பிய கேள்வி இன்னும் நுட்பமானது. ஒரு பன்னிருமுகிக்குப் பதில் பலவற்றை எடுத்து, எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் பழைய வெளியைப் போலவே தோன்றும்படி பிணைத்தால் ஒரு பெரிய உறைவெளி கிடைக்கும். அப்படிப்பட்ட ஏதாவது ஒன்றிலாவது பரப்பு அகப்படுமா? தர்ஸ்டன் 1982இல் வெளியிட்ட 24 கேள்விகளில் இதற்கும் இதன் உறவினர்களுக்கும் 15 முதல் 18 வரையான இடங்கள்.

அகப்படும் என்று இயன் அகோல் 2012 மார்ச்சில் பாரிஸில் அறிவித்தார். எனக்கு வியப்பளிப்பது விடையைவிட, அது வந்த வழி. அகோல் நிரூபித்த மையத் தேற்றத்தின் கூற்றில் மூன்று என்ற எண்ணே கிடையாது. முப்பரிமாண வெளியைப் பற்றிய பேச்சும் இல்லை. அது குலங்களை, அதாவது ஒரு வெளியின் மூடிய பாதைகளைப் போன்றவற்றைத் தொகுக்கும் இயற்கணித அமைப்புகளை, பற்றிய தேற்றம். முப்பரிமாண வெளியின் ஆழமான உண்மை ஒன்றை எட்ட, அந்த வெளியைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது என்பதுதான் இத்துறையின் அண்மை வரலாறு சொல்லும் செய்தி என்று கருதுகிறேன்.

வெளியேறிய பாதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வெளிக்குள் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் பரப்புகள் சில இருக்கின்றன என்போம். வெளியை முழுவதும் விரித்தால் அவை எண்ணற்ற சுவர்களாக நிற்கும்; ஒவ்வொரு சுவரும் விரிந்த வெளியை இரண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு சுவருக்கும் எந்தப் பக்கம் என்று முரணில்லாமல் தேர்ந்தெடுத்தால் அது ஒரு முனை. ஒரே ஒரு சுவரைத் தாண்டினால் ஒரு விளிம்பு. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு சுவர்கள் ஒரு சதுரத்தைத் தரும்; மூன்று ஒரு கனசதுரத்தை; நாற்பது, நாற்பது பரிமாணக் கனசதுரத்தை. மிகா சகீவ் 1995இல் தந்த இந்தக் கட்டுமானம் பரிமாணத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. எளிமையாக்கப் புறப்பட்டவர் செய்கிற காரியமாக இது தோன்றாது. ஆனாலும் 2008இல் ஹாக்லுண்டும் டேனியல் வைஸும் காட்டியபடி, சுவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் வெளியின் குலம் முழுவதையும் முழு எண் அணிகளாக எழுதிவிடலாம். சுவர்களை அப்படி ஒழுங்குக்குக் கொண்டுவரும் முடிவுள்ள உறை எப்போதும் உண்டு என்பதே, குரோமோவ் 1987இல் வரையறுத்த அதிபரவளையக் குலங்களுக்கு அகோல் நிரூபித்தது.

வெளியைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதை மறுப்பவர்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. தொடக்கச் சுவர்களைத் தந்தது யார்? 2009இல் ஜெரெமி கானும் விளாடிமிர் மார்கோவிச்சும். அவர்கள் கால்சட்டை வடிவத் துண்டுகளைக் கோடிக்கணக்கில் திரட்டி, அவற்றை ஏறக்குறைய தட்டையாக ஒட்டிப் பரப்புகளைச் செய்தார்கள்; துண்டுகள் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியிருப்பதற்கான உத்தரவாதம் இயக்கவியலிலிருந்து வந்தது. முப்பரிமாண வெளிகளைச் சீரான வடிவியல் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கலாம் என்னும், பெரல்மான் 2002-03இல் முடித்துவைத்த வடிவாக்க ஊகமும் வகைக்கெழுச் சமன்பாடுகளின் வெற்றிதான். நியாயம். நான்கு பரிமாணத்துக்குப் போனால் குலவாதியின் நிலை இன்னும் மோசம். முடிவுள்ள முறையில் விவரிக்கக்கூடிய எந்தக் குலமும் அங்கே ஏதோ ஒரு மூடிய வெளியின் அடிப்படைக் குலமாக வந்து நிற்கும். அதனால் இரண்டு வெளிகள் ஒன்றா என்று தீர்மானிக்கும் பொதுவழியே இல்லை என 1958இல் மார்கோவ் காட்டிவிட்டார்.

ஆனால் இவை என் வாதத்தை எல்லைப்படுத்துகின்றன, கவிழ்க்கவில்லை. கான்-மார்கோவிச் பரப்புகள் தம்மைத்தாமே வெட்டிக்கொள்பவை. எத்தனை செய்தாலும் வெளிக்குள் இருந்தபடியே அவற்றின் சிக்கலைப் பிரித்தெடுக்க வழி தெரியவில்லை. பிரித்தது கனசதுர உலகம். மேலும் மாஸ்டோவின் 1968ஆம் ஆண்டுத் தேற்றப்படி, மூடிய அதிபரவளைய வெளியின் கன அளவுகூட அதன் குலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. குலத்துக்குப் போனவர் வெளியைத் தொலைத்துவிடவில்லை. உறை எத்தனை மடங்கு பெரிதாக வேண்டும் என்று நிரூபணம் எளிதில் சொல்வதில்லை என்ற குறை மட்டும் நிற்கிறது. அது உண்மையான குறை.

எதிர்த்திசையில் ஒரு கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதிபரவளையக் குலம் ஒன்றின் முடிவிலி எல்லை கோளமாக இருந்தால், அது முப்பரிமாண அதிபரவளைய வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது கானனின் ஊகம். குலத்துக்குள் பரப்புக் குலங்கள் போதிய அளவு இருந்தால் ஊகம் மெய்யாகும் என்று அகோலின் தேற்றத்தைக் கொண்டே மார்கோவிச் 2013இல் காட்டினார். அந்தப் பரப்புக் குலங்களை எங்கே தேடுவது? கால்சட்டைத் துண்டுகளை வெட்டியெடுக்க இம்முறை கையில் வெளி இல்லை.