நகம் இருக்கட்டும்

அப்பாவின் வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, விளிம்பில் சுண்ணாம்புத் தூளாக உதிரத் தொடங்கியபோது, ஒரு மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டு அதைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு வாரம் அவரால் செருப்புப் போட முடியவில்லை. ஒன்றரை வருடம் கழித்து முழுசாக வளர்ந்து நின்ற புது நகமும் மஞ்சளாகவே இருந்தது. பிடுங்கினால் வேரோடு போய்விடும் என்று நம்பியிருந்த மனிதர், அதன்பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் காலை மடக்கியே உட்கார்ந்தார்.

நகச்சொத்தைக்கு, அதாவது நகத்தில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு, நகத்தை எடுக்காமல் மருந்து கொடுப்பதே முதல் வழியாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் அந்த வழியின் குறைகளையும் சொல்லாமல் அதைப் பரிந்துரைப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

பிடுங்குவது ஏன் தோற்கிறது? நகச்சொத்தையைப் பெரும்பாலும் உண்டாக்குவது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. விரலிடுக்கில் சேற்றுப்புண்ணாக வருவதும் பெரும்பாலும் இதுதான். நகத்தின் கெராட்டின் அதற்கு உணவு. நகத்தில் மட்டுமல்ல, அதன் அடியிலுள்ள சதைப்படுகையிலும் பாதத்தின் தோலிலும் அது குடியிருக்கிறது. நகத்தை மட்டும் எடுத்தால் கூரையைப் பிரித்ததாகுமே தவிர, குடியிருப்பவரை வெளியேற்றியதாகாது. 2007இல் டெல்லி மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே நகம் பாதிக்கப்பட்ட 40 பேருக்கு நகத்தை எடுத்துவிட்டு மேல்பூச்சு மருந்து கொடுத்தார்கள். கடைசிவரை வந்தவர்கள் 27 பேர். குணமானவர்கள் 15 பேர். இது ஊக்கம் தரும் முறையல்ல என்றே அவர்களும் எழுதினார்கள். சர்க்கரை நோயால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவருக்கோ அந்தக் காயம் ஆறுவதே பெரும்பாடு.

மருந்து வழியின் பெரிய பலம் டெர்பினாஃபின் மாத்திரை. அதற்கு முந்தைய கிரிசியோஃபுல்வினைக் கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல் விழுங்க வேண்டியிருந்தது. டெர்பினாஃபின் தினம் 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் போதும். பூஞ்சையின் உயிரணுச் சுவருக்குள் இருக்கும் சவ்வு உருவாகத் தேவையான எர்கோஸ்டெராலை அது தடுக்கிறது. ரத்தத்தின் வழியே நக வேருக்கும் படுகைக்கும் போய்ச் சேர்ந்து, மாத்திரையை நிறுத்திய பிறகும் பல மாதம் நகத்திலேயே தங்கி வேலை செய்கிறது. பிடுங்குபவரின் கைக்கு எட்டாத இடத்துக்கு மருந்து எட்டுகிறது. 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஐரோப்பிய ஆய்வில், 12 வாரம் டெர்பினாஃபின் எடுத்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேருக்குப் பூஞ்சை ஒழிந்தது. மாதத்துக்கு ஒரு வாரம் வீதம் இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை எடுத்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஒழியவில்லை.

முதல் குறை இந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. ‘பூஞ்சை ஒழிந்தது’ என்பதும் ‘நகம் தெளிந்தது’ என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் டெர்பினாஃபினோடு வரும் மருந்துக் குறிப்பிலேயே பூஞ்சை ஒழிந்தவர்கள் 70 சதவீதம். பூஞ்சையும் ஒழிந்து நகமும் முழுக்கத் தெளிந்தவர்கள் 38 சதவீதம்தான். மருத்துவர் முதல் எண்ணைச் சொல்கிறார்; நோயாளி இரண்டாவதை எதிர்பார்க்கிறார். இந்த இடைவெளியில்தான் நம்பிக்கை உடைகிறது.

இரண்டாவது குறை காலம். கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் மாற 12 முதல் 18 மாதம் ஆகும். மூன்று மாத மாத்திரை முடியும்போது நகம் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். அப்பாவின் இரண்டாவது சிகிச்சையில் தோல் மருத்துவர் ஒன்று செய்தார். நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடத்தில் அரத்தால் மெல்லிய கோடு ஒன்றைக் கீறிவிட்டார். மாதாமாதம் அந்தக் கோடு ஓர் அரிசியின் பருமன் அளவுக்கு முன்னால் நகர்ந்தது; அதன் பின்னால் இளஞ்சிவப்பாக நல்ல நகம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா அந்தக் கோட்டைப் பார்ப்பார். மருந்தோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய பொறுமையை அந்தக் கோடு கொடுத்தது.

பூச்சு மருந்துகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நகம் தண்ணீரை ஏற்கும், எண்ணெய்ப் பசையை எளிதில் ஏற்காது. அதனால் தோலுக்கான களிம்பை நகத்தின்மேல் தேய்ப்பது வீண். நகத்துக்கென்றே வந்த சைக்ளோபிராக்ஸை 48 வாரம் தினம் பூசியும் முழுக் குணம் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஃபினகோனசோலில் அது 15 முதல் 18 சதவீதம். நுனியில் மட்டும் தொற்று உள்ளவருக்கும், மாத்திரை சாப்பிடக் கூடாதவருக்கும் இவை உதவும். லேசருக்கு அங்கே கிடைத்த அனுமதி, தெளிந்த நகப்பகுதி தற்காலிகமாகக் கூடும் என்பதற்குத்தான். குணமாகும் என்பதற்கு அல்ல. வீட்டு மருதாணி நகத்தின் நிறத்தை மறைத்து, நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே தெரியாமல் செய்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பரிசோதிக்காமல் மாத்திரை எழுதுவது. உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சை காரணமே அல்ல. சோரியாசிஸ், இறுக்கமான ஷூ, பழைய அடி என்று வேறு காரணங்கள் உண்டு. நகத்தின் அடித்தூளைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கிளைவிட்ட பூஞ்சை இழைகள் தெரியும். செலவு குறைவு, ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை. டெர்பினாஃபின் அரிதாகக் கல்லீரலைத் தாக்கும், சிலருக்கு நாக்கின் ருசியைப் பறிக்கும். கல்லீரல் நோய் உள்ளவர் எடுக்கக் கூடாது. இதயம் பலவீனமானவருக்கு இட்ராகோனசோல் ஆகாது. நகத்தில் பூஞ்சையே இல்லாத ஒருவர் இந்த ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்?

எடுக்காமல் ஆற்றுவது என்றால் நகத்தைத் தொடாமல் இருப்பது என்று பொருளல்ல. தடித்த நகத்தை வெட்டி, அரம் போட்டு மெலிதாக்கினால் பூச்சு உள்ளே இறங்கும். 40 சதவீத யூரியாக் களிம்பு கெட்ட பகுதியை மட்டும் வலியில்லாமல் இளக்கும். நகத்துக்குள் மஞ்சள் பட்டையாகப் பூஞ்சை திரண்டிருந்தால் மருந்து அதற்குள் புகாது. அந்தப் பட்டையைச் செதுக்கியே தீர வேண்டும். அறுவைக்கு இங்கே இடமுண்டு, ஆனால் மருந்துக்குத் துணையாக மட்டும்.

குணமான பிறகும் திரும்ப வருவது சகஜம். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணை ஆற்றாமல், பழைய ஷூவை வெயிலில் காயவைக்காமல், வீட்டில் எல்லாருக்கும் ஒரே நகவெட்டி என்றிருந்தால், எந்த மாத்திரையின் பலனும் நிலைக்காது. சர்க்கரை நோயாளிகள் இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ளக் கூடாது. தடித்த நகம் அழுத்தி உண்டாகும் சிறு புண்ணே கால் இழப்பில் கொண்டுபோய் விடலாம்.

ஆகவே, சரியாகக் கண்டறிந்து, கல்லீரலைச் சோதித்து, பொறுமையோடு செய்தால் மருந்து வழியே சிறந்தது. அவசரத்தில் செய்தால் அதுவும் பிடுங்குவதைப் போலவே தோற்கும். அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவருக்கோ நகத்தை எடுக்கலாம் என்றோ மூன்று மாதம் மாத்திரை சாப்பிடுங்கள் என்றோ யாராவது சொன்னால், முதலில் ஒன்றைக் கேளுங்கள்: “நகத்தைச் சுரண்டிப் பார்த்தீர்களா, டாக்டர்?”