மேசைமேல் கிடக்கும் துப்பாக்கி

பாச்சலூரில் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டில் தாத்தாவிடம் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் வாங்கியது, வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பன்றி விரட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ராக்காவல் முடிந்து விடியலில் வந்ததும் திண்ணையிலேயே குழலை மடக்கித் தோட்டாவை உருவி ஹார்லிக்ஸ் டப்பாவில் போடுவார். குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகுதான் குழல்வாய் மண்சுவரைப் பார்க்க மேசையில் வைப்பார். குண்டு போட்ட துப்பாக்கி அந்த மேசையில் ஒருநாளும் கிடந்ததில்லை.

அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு 'டேபிள் ஸ்டார்ட்' முதலில் திகிலாகத்தான் இருக்கும். 1976-இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் தொடங்கிய ஐ.பி.எஸ்.சி. வகைத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் இது ஒரு தொடக்க முறை: இடுப்பு உறையிலிருந்து உருவுவதற்குப் பதில், மேசையில் கிடக்கும் கைத்துப்பாக்கியை 'பீப்' ஒலி கேட்டதும் எடுத்துச் சுட வேண்டும். பல சமயம் அது குண்டேற்றியே கிடக்கும். நம் கிளப்களில் பெரும்பாலும் பழகுவது ஒலிம்பிக்கில் உள்ள ஐ.எஸ்.எஸ்.எஃப். முறை. அதில் கட்டளை வராமல் குண்டேற்றக் கூடாது. சுடாத நேரத்தில் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கொடி துப்பாக்கிக்குள் செருகியிருக்க வேண்டும். ஏர் பிஸ்டலில் அந்தக் கொடிநாடா குழல் முழுக்க ஓடி வெளியே தெரியும். தாத்தா வெளிச்சம் பார்த்ததும், குழல் காலி என்று உறுதிசெய்யும் இதே காரணத்துக்குத்தான்.

ஆனாலும் டேபிள் ஸ்டார்ட்டை வெறும் வேடிக்கை என்று தள்ள முடியாது. உறையிலிருந்து உருவுவதை ஆயிரம் முறை செய்து கைக்குப் பழக்கியவரைக்கூட இது புதிதாக யோசிக்க வைக்கிறது. வைக்கும் முறைக்கும் விதி உண்டு. போட்டிக் குறிப்பில் சொன்னபடியே வைக்க வேண்டும். மேகசினையோ வேறு பொருளையோ அண்டக் கொடுத்து, பிடிக்க வாகாகத் துப்பாக்கியைத் தூக்கி நிறுத்தக் கூடாது. இது நல்ல விதி. முட்டுக் கொடுத்த துப்பாக்கி சரிந்தால் குழல்வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

விதியின் கவனமெல்லாம் துப்பாக்கி கிடக்கும் நேரத்தின்மேல் இருக்கிறது. ஆபத்தோ அதை எடுக்கும் அரை நொடியில் இருக்கிறது. உறைக்குள் இருக்கும்போது விசை மூடியிருக்கும். மேசையில் அது திறந்து கிடக்கிறது. கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி இல்லாத கிளாக் போன்ற துப்பாக்கியில், அவசரமாக அள்ளும் விரல் நேரே விசைக்குள் போய்விடலாம்.

இடக்கைக்காரர் பாடு இன்னும் மோசம். வெற்றுத்தோட்டா வெளியேறும் வாசல் மேலே தெரிய வைக்க வேண்டும் என்று குறிப்பு எழுதிவிட்டால், பெரும்பாலான துப்பாக்கிகளில் பிடி வலப்பக்கம் நீட்டிக் கிடக்கும். வலக்கைக்காரருக்கு அது தட்டிலிருந்து வடை எடுக்கிற மாதிரி. இடக்கைக்காரர் மணிக்கட்டை முறுக்கித்தான் பிடிக்க வேண்டும். முறுக்கும்போது குழல்வாயும் சேர்ந்து திரும்பும். தடுப்பு மண்மேட்டின் நடுக்கோட்டிலிருந்து 90 டிகிரியைத் தாண்டினால் போட்டியிலிருந்தே நீக்கம். அவர் கை அப்படிப் பிறந்ததற்கு இந்தத் தண்டனையா?

இன்னொன்றும் உண்டு. உறையிலிருந்து உருவும்போது குழல்வாய் இடுப்புக்குக் கீழே தொடை, காலைக் கடந்தால், விரல் விசைக் காப்புக்கு வெளியே இருக்கும்வரை விதி பொறுத்துக்கொள்கிறது. மேசைத் தொடக்கத்தில் அந்தச் சலுகைக்கு இடமில்லை. இரண்டு உள்ளங்கையையும் மேசையில் போட்ட அடையாளங்களில் ஊன்றித் தொடங்கச் சொன்னால், ஊன்றிய மறு கை குழலுக்கு முன்னால் சிக்குவது மிக எளிது. சிக்கினால் நீக்கம்தான். நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை; கையைச் சிக்க வைக்கிற இடத்தில் அடையாளம் போட்டவரை யாரும் கேட்பதில்லை என்பதே என் குறை.

என்னைக் கேட்டால், எந்தப் பக்கமாகக் கிடத்துவது என்பதைச் சுடுபவரிடமே விடலாம். குழல்வாய் மண்மேட்டைப் பார்த்திருந்தால் போதும். கைகளுக்கான அடையாளத்தைக் குழல்வாய்க்குப் பின்னால், மேசையின் இந்தப் பக்க விளிம்போரமாகப் போடலாம். மேசையில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று. புதியவர்களுக்கு மேகசின் ஒருபக்கமும் காலித் துப்பாக்கி ஒருபக்கமுமாக வைத்துத் தொடங்கும் முறையும் விதியிலேயே இருக்கிறது. அதில் ஒரு நொடி, இரண்டு நொடி கூடும். தாத்தாவுக்குக் காட்டிலிருந்து பன்றி திரும்பி வந்த ராத்திரிகளிலும் டப்பாவைத் திறந்து தோட்டா எடுக்க அவ்வளவு நேரம்தான் ஆனது.