மணல் இறக்கும் கலை

ஹ்லைங் நதிக்கரையில் அமைந்த க்யிம்யிண்டைங்கில், 1970-இல் பர்மா தேசத்துச் சாலைப் போக்குவரத்து வலப்புறத்திற்கு மாறிய பின்னரும், ஜப்பானிலிருந்து வந்த பழைய லாரியின் வலப்பக்க ஆசனத்திலேயே அமர்ந்து, எதிரே வருவதைப் பாதி கண்ணாலும் பாதி ஊகத்தாலும் அறிந்து செல்லும் டிப்பர் சாரதியின் சாமர்த்தியம், சுமையை இறக்கும் வேளையில்தான் பூரணமாகப் பிரகாசிக்கிறது.

தரை சமமா, தலைக்குமேல் மின்கம்பி உண்டா என்று நோக்கியபின், அவர் எஞ்சினின் சக்தியை எண்ணெய்ப் பம்புக்குத் திருப்ப, அவ்வெண்ணெயின் அழுத்தத்தால் தொட்டியின் முன்புறம் மெல்ல உயர்ந்து மணல் பின்னே சரியத் தொடங்கும் தருணத்தில், வண்டியை ஊர்ந்தாற்போல் முன்னே நகர்த்தினால், குவியல் வேண்டிய நீளத்திற்கு விரிகிறது. ஈர மணல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டால் பாரம் சாய்ந்து லாரியே கவிழக்கூடுமாதலால், அதனை உணர்ந்து உடனே தொட்டியைத் தாழ்த்தும் நிதானமே இத்தொழிலின் சிகரம். கட்டடம் எழுந்தபின் கொத்தனாரைப் புகழ்வோர், அவர் கைக்கு மணலைச் சேர்த்த இவரையும் நினைப்பதே நியாயம்.